பழைய மோட்டார்ஹோம் வாங்கியாச்சு, முதல் கேம்பிங்குக்கு முன்னால் என்ன செய்யணும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன்னால், குளிர் ஆரம்பித்துவிட்ட ஒரு நவம்பரில், 2004-ஆம் வருட மாடல் மோட்டார்ஹோம் ஒன்றை, அதாவது படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டை, வாங்கி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மிசிசாகாவில் உள்ள எங்கள் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தினேன். அதைச் சரிசெய்து முதல் தடவை வெளியே எடுத்துப் போக அடுத்த ஜூலை ஆகிவிட்டது. அன்றிலிருந்து கோயிலிலோ பொங்கல் விழாவிலோ பார்க்கிறவர்கள் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, அலுவலக வேலை செய்கிறவன். சட்டதிட்டம் வரும் இடங்களில் எல்லாம் ஒன்டாரியோ கணக்குத்தான்.

"அண்ணா, மோட்டார்ஹோம், டிரெய்லர், கேம்பர் வேன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இந்த கிளாஸ் சி-ங்கறது எது?"

தானே ஓடினால் மோட்டார்ஹோம், இன்னொரு வண்டி இழுத்துக்கொண்டு போனால் டிரெய்லர். மோட்டார்ஹோமில் பஸ் மாதிரி தட்டை முகம் உள்ளது கிளாஸ் ஏ. வேனுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கியது கிளாஸ் பி. முன்னால் வேன் முகமும் டிரைவர் தலைக்கு மேல் துருத்திக்கொண்டு ஒரு படுக்கையும் இருந்தால் அது கிளாஸ் சி. குடும்பத்தோடு போக, கைக்கு எட்டும் விலையில் பழைய வண்டி தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அமைவது இதுதான்.

கிளாஸ் சி-யின் அடியில் பெரும்பாலும் ஃபோர்டு ஈ-350 அல்லது ஈ-450 சேசிஸ் (இன்ஜின், சக்கரத்தோடு உள்ள அடிச்சட்டம்) இருக்கும். மேலே உள்ள வீட்டைக் கட்டியது வேறொரு கம்பெனி. அதனால் ஒரே வண்டிக்கு இரண்டு வைத்தியர் வேண்டும். ரோட்டோரக் கராஜ்காரர் வண்டியைப் பார்ப்பார், வீட்டைத் தொடமாட்டார். வீட்டைப் பார்க்கிற ஆர்.வி. டெக்னீஷியன் (இந்த மாதிரி வீட்டு வண்டிகளுக்குப் பொதுப்பெயர் ஆர்.வி.) இன்ஜினைத் திறக்கமாட்டார். இது தெரியாமல் ஒருவரிடமே இரண்டையும் ஒப்படைத்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

"இவ்வளவு பெரிய வண்டிக்குத் தனி லைசென்ஸ் எடுக்கணுமா?"

வேண்டாம். ஒன்டாரியோவின் சாதாரண ஜி லைசென்ஸில் 11,000 கிலோ வரை ஓட்டலாம். ஈ-450 மேல் கட்டிய வண்டி முழுச் சுமையோடு ஆறரை டன் அளவில்தான் வரும். உங்களைப் பயமுறுத்த வேண்டியது உயரம். கூரை ஏசியோடு சேர்த்து 3.3 மீட்டர் வரை இருக்கும். நீங்களே டேப் வைத்து அளந்து, ஸ்டியரிங்குக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். காபி வாங்க டிரைவ்-த்ரூவுக்குள் நுழையும் பழக்கத்தை அந்தச் சீட்டுதான் தடுக்கும்.

"சேஃப்டி பாஸ் ஆயிடுச்சு சார். அப்போ வண்டி நல்லாத்தானே இருக்கு?"

சேஃப்டி சான்றிதழ் என்பது அன்றைக்கு அந்த வண்டி ரோட்டில் போகத் தகுதியானதா என்பதற்கு மட்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், சஸ்பென்ஷன் எல்லாம் பார்ப்பார்கள். கூரை ஒழுகுகிறதா, கேஸ் குழாய் கசிகிறதா, தண்ணீர்த் தொட்டி வெடித்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது. சான்றிதழே 36 நாளுக்குத்தான் செல்லும். விற்கிறவர் அதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தால் பாதி வண்டிக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"வேலை மலை மாதிரி இருக்கு. முதல்ல எதைத் தொடணும்? இன்ஜினா, ஏசியா, ஃபிரிட்ஜா?"

மூன்றும் இல்லை. முதலில் மழைத் தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது என்று பாருங்கள். இந்த வண்டிகளின் சுவருக்குள் இருப்பது மெல்லிய மரச்சட்டம், அதன்மேல் ஒட்டிய பிளைவுட், வெளியே ஃபைபர் கிளாஸ் அல்லது அலுமினியத் தகடு. இன்ஜின் கெட்டால் வேறு இன்ஜின் வாங்கலாம். சட்டம் அழுகிவிட்டால் வண்டியையே பிரித்துத்தான் கட்டவேண்டும். மற்ற எல்லா ரிப்பேரும் காத்திருக்கும், இது காத்திருக்காது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும்.

கிளாஸ் சி-யில் முதல் சந்தேகம் அந்தத் தலைமேல் படுக்கைமீதுதான். மெத்தையை எடுத்து வெளியே போடுங்கள். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் விறைப்பாக இருக்கும். ஊறிய மரம் பழைய பிஸ்கட் மாதிரி உள்வாங்கும். என் வண்டியில் வலது முன் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருந்தது. விற்றவர் "அது பழசு, காய்ஞ்சு போச்சு" என்றார். வெளியே நெற்றியில் வரிசையாக ஐந்து சின்ன மஞ்சள் விளக்குகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓரத்து விளக்கின் திருகு ஒன்றைக் கழற்றினேன். திருகு பாதிக்குமேல் துருவாக வந்தது, அந்த ஓட்டையிலிருந்து டீத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு கண்ணாடி வரைக்கும் வழிந்தது. மழை நின்று மூன்று நாளாகியிருந்தது.

அந்த விளக்குகள், கூரை ஓரத்துப் பட்டை, ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பு, கூரையில் உள்ள காற்றுப்போக்கி மூடிகள், ஏசிக்கு அடியில் உள்ள ரப்பர், பின்பக்க ஏணியின் திருகுகள் என்று வரிசையாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக மெதுவாக நனைத்துக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் ஓடிவிடும், எந்த ஓட்டை என்று தெரியாது.

"ஒழுகற இடம் தெரிஞ்சிடுச்சு. ஒரு டியூப் சிலிக்கான் அடிச்சா முடிஞ்சிதில்ல?"

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள். சிலிக்கான் காய்ந்தபிறகு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, இன்னொரு கோட்டிங் சிலிக்கான்கூட ஒழுங்காக ஒட்டாது. நாலு வருடத்தில் ஓரம் உரிந்து, அதற்குள் தண்ணீர் புகுந்து, அடுத்து வருகிறவர் அதைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டிச் சாவார். அந்த அடுத்தவன் நான்தான்.

கூரை பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற ரப்பர் விரிப்பாக இருக்கும். அதற்கென்றே தானாகச் சமமாகப் பரவும் லேப் சீலண்ட் என்ற அடைப்புப் பசை டியூபில் கிடைக்கிறது. கிடைமட்டமான இடத்துக்கு அது. செங்குத்தான இடத்துக்கு வழியாத வகையை வாங்கவேண்டும். விளக்கு, ஜன்னல், மூடி மாதிரி திருகி வைக்கும் எதற்கும் அடியில் பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டை வைக்கவேண்டும். பழைய சீலண்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் முழுக்க உரிக்க வேண்டியதில்லை, தூக்கிக்கொண்டு நிற்பதை மட்டும் எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, மேலே புதிது போடலாம். பெட்ரோல், தின்னர் வகைத் திரவம் எதையும் அந்த ரப்பரில் படவிடாதீர்கள், உப்பிவிடும். மேலே ஏறும்போது ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு அதன்மேல் மண்டியிடுங்கள்.

"மரம் ஏற்கெனவே மெத்துமெத்துன்னு இருக்கு. மேல அடைச்சுட்டு உள்ள பேனல் ஒட்டி மறைச்சிடலாமா?"

விற்கப் போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அழுகிய மரத்தை மூடிவைத்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பக்கத்து மரத்துக்கும் பரவும். மேலே குழந்தைகள் ஏறிப் படுக்கும் இடம் வேறு. உட்பக்கப் பேனலைப் பிரித்து, ஸ்க்ரூடிரைவர் சுலபமாக இறங்குகிற மரம் அத்தனையையும் வெட்டி எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் டிஹ்யூமிடிஃபையர் வைத்து நன்றாகக் காயவிட்டு, புதுச் சட்டம் வைக்கவேண்டும். என் உள்ளங்கைக் கறை பிரித்துப் பார்த்தபோது ஒரு கதவு அளவுக்கு இருந்தது. வசந்தகால வாரயிறுதிகள் அத்தனையும் அதற்கே போயின.

வெளிச்சுவர் அப்பளம் மாதிரி உப்பியிருந்தால் அது ஒட்டு விட்ட சுவர். சின்ன இடமென்றால் ஒழுகலை நிறுத்திவிட்டு அப்படியே ஓட்டலாம். பக்கச்சுவர் முழுக்க அலைஅலையாக இருந்தால், வாங்குவதற்கு முன்னால் என்றால் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், நேரில் பேசலாம்.

"டயர்ல பட்டன் அப்படியே புதுசு மாதிரி இருக்கு. எதுக்கு ஆறையும் மாத்தச் சொல்றீங்க?"

மோட்டார்ஹோம் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்று கெடுகிறது. வருடத்தில் பத்து மாதம் வெயிலிலும் பனியிலும் சுமையோடு நிற்கும் ரப்பர் பக்கச்சுவரில் வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2313 என்றிருந்தால் 2013-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. முழு எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அது உட்பக்கமாக இருந்தால் அடியில் படுத்துத்தான் பார்க்கவேண்டும். ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் சோதிக்கவேண்டும், பட்டன் எப்படி இருந்தாலும் பத்தோடு சரி.

பின்னால் இரட்டை டயர் என்பதால் உள் டயரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதில் காற்று இறங்கினால் வெளி டயர் மொத்தச் சுமையையும் தாங்கிச் சூடேறி வெடிக்கும். வெடிக்கும்போது சக்கர மேல்தட்டையும் அதற்குப் பக்கத்தில் ஓடும் குழாய்களையும் பிய்த்துக்கொண்டு போகும். டயர் மாற்றும்போதே உள் டயரின் வால்வை எட்டும்படி உலோக நீட்டிப்பு போட்டுக்கொள்ளுங்கள். காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். டயரில் எழுதியிருப்பது அதன் உச்ச அளவு.

"ரெண்டு வருஷமா ஓடாம நின்ன வண்டி. இன்ஜின் பக்கம் என்னென்ன செய்யணும்?"

எண்ணெய், கூலண்ட், பெல்ட், ஹோஸ் இதெல்லாம் கராஜ்காரர் சொல்லாமலே செய்வார். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மலை இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி மிதி பஞ்சு மாதிரி இறங்கும். நின்ற வண்டியில் காலிப்பர் பின்கள் துருப்பிடித்து இறுகியும் இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஃபோர்டின் 6.8 லிட்டர் வி10 இன்ஜின் நல்ல உழைப்பாளி. ஆனால் 1990-களின் பின்பகுதியில் வந்த ஆரம்ப வி10-களில் ஸ்பார்க் பிளக் பிடிக்கும் மரை குறைவு, ஓடும்போதே பிளக் தெறித்து வந்த கதைகள் உண்டு. அந்த வயசு வண்டி என்றால் பிளக் மாற்றும்போது சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக்கென்று சத்தம் வந்து சூடானதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் ஒன்று உடைந்திருக்கலாம். இந்த வி10-களில் சகஜம்.

"கேஸ் சிலிண்டரை நம்ம வீட்டு சிலிண்டர் மாதிரி கழட்டிக் கொண்டுபோய் மாத்திக்கலாம்ல?"

டிரெய்லரில் அப்படி. மோட்டார்ஹோமில் புரொப்பேன் தொட்டி பெரும்பாலும் சேசிஸிலேயே பொருத்தியது. வண்டியைத்தான் கேஸ் பங்க்குக்கு ஓட்டிப் போய் நிரப்பவேண்டும். 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், வெப்பத்தில் விரிய மீதி இடம் வேண்டும். நிரப்பும்போது வண்டிக்குள் பைலட், அடுப்பு எதுவும் எரியக்கூடாது, ஆளும் இருக்கக்கூடாது.

மற்ற வேலையில் நானே இறங்குவேன். கேஸில் இறங்கவில்லை, உங்களையும் இறங்கச் சொல்லமாட்டேன். ஒன்டாரியோவில் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பின் சான்று பெற்றவர்தான் கேஸ் வேலை செய்யவேண்டும். அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மானோமீட்டர் வைத்து அழுத்தம் இறங்குகிறதா என்ற கசிவுச் சோதனை, ரெகுலேட்டர் அழுத்தம் (11 அங்குல நீர்மட்டம் இருக்கவேண்டும்), ஹீட்டர், ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் மூன்றின் பர்னர் சுத்தம். புரொப்பேனில் கலக்கும் அந்த நாற்றம் சிலந்திக்குப் பிடிக்குமாம். என் வாட்டர் ஹீட்டர் பர்னர் குழாய்க்குள் பஞ்சுமிட்டாய் மாதிரி வலை பின்னி வைத்திருந்தது.

"உள்ள ஒரு அலாரம் சும்மா சும்மா கத்துது. தொல்லை தாங்காம வயரைக் கழட்டிட்டேன். தப்பா?"

தப்பு, இன்றைக்கே புதுசு வாங்குங்கள். தரையோரமாக இருப்பது கேஸ் அலாரம், புரொப்பேன் காற்றைவிடக் கனம் என்பதால் அங்கே வைத்திருக்கிறார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பது கார்பன் மோனாக்சைடு அலாரம். இரண்டுக்கும் ஆயுள் ஐந்து முதல் ஏழு வருடம். பின்னால் தேதி போட்டிருக்கும். ஆயுள் முடிந்தால் விட்டுவிட்டுக் கத்துவதே அதன் வேலை. வயது சரியாக இருந்தும் கத்தினால் பேட்டரி வோல்ட் இறங்கியிருக்கிறதா பாருங்கள். ஹேர் ஸ்ப்ரே அடித்தாலும் கத்தும். இரண்டும் இல்லையென்றால் உண்மையாகவே கேஸ் கசிகிறது, அல்லது கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. தொட்டி வால்வை மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

"ஃபிரிட்ஜ் போட்டு ரெண்டு மணி நேரமாச்சு, பால் கூட ஜில்லுன்னு ஆகலை. போச்சா?"

பொறுங்கள். பழைய மோட்டார்ஹோமில் இருப்பது வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரசர் வைத்தது இல்லை. அம்மோனியாவைச் சூடாக்கி, அது ஆவியாகிச் சுற்றிவந்து குளிர்விக்கும். குளிர எட்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். புறப்படுவதற்கு முந்தின நாளே போட்டுவிட்டு, வீட்டு ஃபிரிட்ஜில் குளிர்ந்த சாமானைத்தான் உள்ளே வைக்கவேண்டும். சூடான சாம்பாரை வைத்தால் அன்றைக்கு முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டும். அந்தத் திரவம் தன் எடையில் கீழே இறங்கவேண்டும் என்பதால் வண்டி சமமாக நிற்கவேண்டும். சரிவில் நிறுத்திப் பல நாள் ஓட்டினால் குழாய் அடைத்து நிரந்தரமாகக் கெடும். கேஸில் ஓடும்போதும் அதன் கண்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் பேட்டரி தேவை.

ஒரு இரவு கழிந்தும் குளிரவில்லை என்றால் வெளிப்பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள், அந்த யூனிட் முடிந்தது. எப்படி இருந்தாலும் ஃபிரிட்ஜ் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு ரீகால் உண்டா என்று தேடிப் பாருங்கள். தீப்பிடிக்கும் அபாயம் என்று திரும்ப அழைத்த பழைய ஃபிரிட்ஜ்கள் உண்டு, முன்னாள் சொந்தக்காரர் அந்த வேலையை முடிக்காமலே விற்றிருக்கலாம்.

"குழாய் எல்லாம் மூடித்தான் இருக்கு. ராத்திரி தண்ணிப் பம்பு தானா 'டுர்ர்'னு ஓடி நிக்குது. பேயா?"

லீக். பம்ப் குழாயில் அழுத்தம் குறைந்தால் ஓடும், ஏறியதும் நிற்கும். யாரும் திறக்காமல் அழுத்தம் குறைகிறது என்றால் எங்கோ சொட்டுகிறது. கனடாக் குளிரில் இது எதிர்பார்க்க வேண்டியதே. முந்தின சொந்தக்காரர் இலையுதிர்காலத்தில் தண்ணீரை வடித்து இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸ் ஏற்றாமல் விட்டிருந்தால், உறைந்த தண்ணீர் விரிந்து எதையாவது உடைத்திருக்கும். முதலில் உடைவது பம்ப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் வடிகட்டிக் கிண்ணம், வெளிப்புற ஷவர் குழாய், டாய்லெட் வால்வு. இந்த மூன்றையும் உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். குழாய் சாம்பல் நிறத்தில் இருந்தால் அது பாலிபியூட்டிலீன். 1990-களின் நடுவரை போட்டார்கள், ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பதைவிட பெக்ஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் குழாயாக மாற்றுவது மேல்.

கேம்பிங் பார்க்கில் குழாயோடு இணைக்கும்போது நடுவே பிரஷர் ரெகுலேட்டர் கட்டாயம். இல்லையென்றால் இருபது வருடத்துப் பிளாஸ்டிக் அந்த வேகத்தைத் தாங்காது.

"பம்பெல்லாம் சரி பண்ணியாச்சு. ஹீட்டர் எரியுது, சுடுதண்ணி மட்டும் வரலை!"

பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான். குளிர்காலத்துக்கு மூடும்போது வாட்டர் ஹீட்டரைச் சுற்றித் தண்ணீர் போக ஒரு பைபாஸ் வால்வைத் திருப்பி வைப்பார்கள். வசந்தத்தில் திரும்பத் திருப்ப மறந்துவிடுவார்கள். ஹீட்டரின் பின்பக்கம் இருக்கும், கட்டிலைத் தூக்கினால் தெரியும். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் கரண்ட் சுவிட்சைப் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி ஒரு நிமிடத்தில் கருகிவிடும். சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, காற்று வராமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்ச்.

சபர்பன் கம்பெனி வாட்டர் ஹீட்டர் என்றால் வடிகால் மூடியோடு ஒரு ஆனோடு கம்பி வரும். தொட்டிக்குப் பதிலாகத் தான் துருப்பிடித்துத் தேய்வது அதன் வேலை. முக்கால்வாசி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அட்வுட் கம்பெனி என்றால் அலுமினியத் தொட்டி, கம்பி தேவையில்லை.

"அந்தத் தொட்டித் தண்ணியில சமைக்கலாமா? மக்கிய வாசம் வருதே."

கழுவாமல் கூடாது. 57 லிட்டருக்குக் கால் கப், அதாவது 60 மில்லி, வாசனை சேர்க்காத பிளீச். கலந்து தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயிலும் பிளீச் வாசம் வரும்வரை திறந்துவிட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, வாசம் போகும்வரை அலசுங்கள். வாட்டர் ஹீட்டரை மட்டும் பைபாஸில் வைத்துக்கொள்ளலாம். குடிக்க நாங்கள் கேனில்தான் கொண்டுபோகிறோம்.

"வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஆனா உள்ள லைட் எரியலை. பேட்டரி நல்லாத்தானே இருக்கு?"

இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று வீட்டுக்கு. வீட்டு பேட்டரி வாசல்படிக்கு அடியிலோ பக்கப் பெட்டியிலோ இருக்கும். எதையும் போடாமல் சில மணி நேரம் விட்டு மீட்டர் வையுங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே பலநாள் கிடந்த லெட்-ஆசிட் பேட்டரியை மறந்துவிடுங்கள். வெளிக் கரண்டில் செருகிய பிறகு அதே முனையில் 13-க்குமேல் காட்டவேண்டும். காட்டவில்லை என்றால், வெளிக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் கன்வர்ட்டர் போயிருக்கிறது.

வண்டிக்குள் சூடேற்றும் ஹீட்டரின் விசிறி ஓடிவிட்டு எரியாமல் நின்றால்கூட முதல் சந்தேகம் இந்த பேட்டரிதான். விசிறி போதிய வேகத்தில் சுற்றினால்தான் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் மூடி கேஸை விடும்.

"வீட்டுல ஆர்.வி.க்கு 30 ஆம்ப் பிளக் வைக்கச் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் 'டிரையர் பிளக்தானே, தெரியும்'ங்கறார். ஓகேயா?"

நிறுத்துங்கள்! டிரையருக்கு வருவதும் 30 ஆம்ப்தான், ஆனால் 240 வோல்ட். மோட்டார்ஹோமின் மூன்று கால் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட். 30 ஆம்ப் என்று கேட்டதுமே 240 வயரிங் செய்துவிடுகிற எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அதில் செருகினால் மைக்ரோவேவ், கன்வர்ட்டர், ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் ஒரே நொடியில் போகும். லைசென்ஸ் உள்ளவரிடம் ஒரு சூடான வயர், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், 120 வோல்ட் என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், ஒன்டாரியோவின் மின் பாதுகாப்பு அமைப்பான இ.எஸ்.ஏ.-வின் அனுமதியும் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தபிறகு நீங்களே மீட்டர் வைத்து 120 சுற்றுவட்டாரம் காட்டுகிறதா பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

அதுவரைக்கும் சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் அடாப்டர் போட்டு பேட்டரி சார்ஜும் ஃபிரிட்ஜும் ஓட்டலாம். ஏசி போடாதீர்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஏசி ஓட்டிப் பார்த்து, அடாப்டர் முனை முறுக்கு நிறத்துக்கு வந்ததை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"பார்க்குல 30 ஆம்ப்தான் போட்டிருந்தேன். டீ சுட வைக்கும்போதெல்லாம் டிரிப் ஆகுது."

30 ஆம்ப் பெருக்கல் 120 வோல்ட், மொத்தம் 3,600 வாட். கூரை ஏசி ஒன்றே பன்னிரண்டு ஆம்புக்குமேல் எடுக்கும், மைக்ரோவேவும் கிட்டத்தட்ட அவ்வளவு, வாட்டர் ஹீட்டர் கரண்டில் இருந்தால் இன்னொரு பன்னிரண்டு. மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில். வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றுவது சுலபமான வழி. டிரிப் ஆகாமலே சமையலறைப் பிளக் செத்திருந்தால், பாத்ரூம் பிளக்கில் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். இரண்டும் ஒரே வயர்.

"ஜெனரேட்டர் சுத்துது சுத்துது, பிடிக்கவே மாட்டேங்குது. கார்புரேட்டரா?"

அதற்கு முன்னால் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். ஜெனரேட்டரும் இன்ஜின் தொட்டியிலிருந்தே குடிக்கிறது. அதன் குழாயைக் கால் தொட்டி மட்டத்தோடு நிறுத்தியிருப்பார்கள், காட்டில் ஏசி ஓட்டி வீடு திரும்பப் பெட்ரோல் இல்லாமல் போய்விடக்கூடாதே என்று. அரைத் தொட்டி இருந்தும் பிடிக்கவில்லையென்றால் கார்புரேட்டர்தான், பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்திருக்கும். சரிசெய்தபிறகு மாதம் ஒருமுறை ஏசியோ ஹீட்டரோ போட்டு ஓட்டுங்கள்.

"கேக்கவே கூச்சமா இருக்கு அண்ணா. அந்த டாய்லெட் டாங்க்..."

எல்லோரும் கேட்பதுதான், மெதுவாகக் கேட்கிறார்கள், அவ்வளவே. கழிவறைக்கு ஒரு தொட்டி, சிங்க்குக்கும் ஷவருக்கும் இன்னொன்று. பார்க்கில் வடிகால் இணைப்பு இருந்தாலும் டாய்லெட் தொட்டி வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மீதி கோபுரமாகக் குவிந்து காய்ந்துவிடும். முக்கால்வாசி நிறைந்ததும் டாய்லெட் தொட்டியை முதலில் விடவேண்டும், பின்னாலேயே சிங்க் தண்ணீர், அது ஹோஸைக் கழுவிவிடும். இந்தத் தொட்டிக்கு எதிரி காகிதமும் தண்ணீர்ப் பஞ்சமும். தண்ணீர் ஊற்றிப் பழகிய நம் ஆட்களுக்கு அந்தப் பிரச்சினை வருவதில்லை, தொட்டி மட்டும் சீக்கிரம் நிறையும்.

வாங்கியவுடன் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி, ஒரு நாள் விட்டு, வால்வு சொட்டுகிறதா என்று பாருங்கள். மூடியைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். சிங்க்கில் எண்ணெய், சோற்றுப் பருக்கை, வடித்த கஞ்சி வேண்டாம், தொட்டிக்குள் புளித்து இரண்டாம் நாள் வண்டியே நாறும்.

"இவ்வளவும் செஞ்சா வாங்குன விலையைத் தாண்டிடும் போலயே?"

தாண்டலாம். என் வண்டியில் ஆறு டயரும் பிரேக்கும் கேஸ் சோதனையுமே பெரிய செலவு. கூரை வேலை சாமான் செலவு கம்மி, முதுகுவலிதான் அதிகம். கையில் இருக்கும் காசு போதாதென்றால் ஒழுகல், டயர், பிரேக், கேஸ், இரண்டு அலாரம் இவற்றை மட்டும் முடியுங்கள். ஏசி ஓடாவிட்டால் ஜன்னலைத் திறக்கலாம். ஃபிரிட்ஜ் கெட்டால் ஐஸ் பெட்டி போதும். கிழிந்த சீட்டுக்கு அம்மாவின் பழைய புடவை இருக்கிறது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். புதுத் தரை விரித்து, கேபினட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, படம் எடுத்துப் போட்டுவிட்டு, 2011 டயரில் 401 ஹைவேயில் ஏறுகிறார்கள்.

"எல்லாம் ரெடி. முதல் டிரிப்பே அல்கான்குயின் பார்க் போயிடலாமா? பசங்க ஆசைப்படறாங்க."

முதல் டிரிப் உங்கள் டிரைவ்வேக்கு. விளையாட்டில்லை. ஒரு வெள்ளி இரவு, வெளிக் கரண்ட் இல்லாமல், வீட்டுக்குள் போகாமல், அதிலேயே சமைத்து, குளித்து, தூங்குங்கள். பம்ப் சத்தம், கதவு தானாகத் திறப்பது, எந்த விளக்குக்கு எந்த சுவிட்ச் எல்லாம் அந்த ஒரு இரவில் தெரிந்துவிடும். மறுநாள் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், டயர் மாற்றியிருந்தால் அவசியம்.

இரண்டாவது டிரிப் ஒரு மணி நேரத்துக்குள் வீடு திரும்பக்கூடிய இடமாக இருக்கட்டும். மேற்கே இருப்பவர்களுக்கு ப்ரான்டி க்ரீக், கிழக்கே இருப்பவர்களுக்கு டார்லிங்டன். இரண்டுமே கரண்ட் வசதியுள்ள மாகாணப் பூங்காக்கள். ஐந்து மாதம் முன்னாலிருந்தே பதிவு செய்யலாம், கோடை வாரயிறுதிகள் சீக்கிரம் போய்விடும். விறகு அங்கேயே வாங்குங்கள், ஊரிலிருந்து கொண்டுபோனால் மரத்தைத் தின்னும் பூச்சியும் கூடவே வரும். அல்கான்குயின் அடுத்த முறை.

நாங்கள் ப்ரான்டி க்ரீக் போன அன்று எட்டு மாத வேலையும் ஒழுங்காக நின்றது. மழைகூடப் பெய்தது, தலைமேல் படுக்கை காய்ந்தே இருந்தது. தண்ணீர் பிடிக்கும் வெள்ளை ஹோஸை மட்டும் வீட்டு கராஜிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். மைத்துனர் காரில் எடுத்துவந்து கொடுத்துவிட்டு, தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார்.